மூன்றாம் கிடாரத்து உப்பு

கிருபைவிளை,
இராதாபுரம் அஞ்சல்,
1913-ஆம் வருஷம் ஜூன் மாதம் 3-ந் தேதி, செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மகள் எலிசபெத்துக்கு உன் தகப்பனார் எழுதிக்கொள்வது:

தேவகிருபையால் நாங்கள் இருவரும் வழக்கம்போல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். யாவரும் சுகம் என்று ஒரே வரியில் முடிப்பது கடித முறையானாலும் இம்முறை அதற்கு ஒரு விலக்கு உண்டு. அது உன் தாயாரைப் பற்றியது. உயிருக்கு யாதொரு ஆபத்துமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதை நடந்தது நடந்தபடி வரிசையாக எழுதினால்தான் உனக்குக் கலக்கம் குறையும். ஆகையால் கடைசித் தாளை முதலில் புரட்டாமல் படித்து வா. உன் மே மாதம் 9-ந் தேதிக் கடிதம் 21-ந் தேதி கிடைத்தது. ரங்கூனில் மழை பிடித்துக்கொண்டதென்றும் பாடசாலை வராந்தா எந்நேரமும் ஈரமென்றும் எழுதியிருந்தாய். காய்ச்சின தண்ணீரைத் தவிர வேறு குடியாதே. நனைந்த சேலையோடு வகுப்பில் நின்று பாடம் நடத்தாதே. இவ்விடத்தில் மழை என்ற பேச்சே இல்லை. கோவில் கிணற்றில் கயிறு இரண்டு பாக நீளம் கூடுதலாக விட வேண்டியிருக்கிறது. பதநீர் மட்டும் இவ்வருஷம் குறைவில்லை. காற்று பத்து நாள் முந்தியே எழும்பிவிட்டது. காலையில் பெருக்கின முற்றத்தில் மத்தியானம் தேரி மணல் விரலளவு கிடக்கிறது. செவலைப் பசு போன மாதம் கிடாரிக் கன்று போட்டது. நீ கேட்டிருந்த இலக்கணப் புத்தகத்தைப் பாளையங்கோட்டையிலிருந்து தருவித்து வைத்திருக்கிறேன். அடுத்த கப்பலுக்கு அனுப்புவேன்.

இனி நமது கோடைப் பண்டிகையின் செய்தி. அது மே மாதம் 29-ந் தேதி வியாழக்கிழமை நடந்தேறியது. இவ்வருஷ வருமானம் முழுவதும் பெண்பாடசாலைக் கூரைக்கென்று சென்ற ஜனவரியிலேயே தீர்மானமாயிருந்தது. நீ படித்த அதே கட்டடந்தான். வருஷந்தோறும் ஆனிக் காற்றில் ஓலை பறந்து, பிள்ளைகள் பத்து நாள் கோவிலுக்குள் உட்கார்ந்து படிப்பதை இனிமேலாவது நிறுத்தி ஓடு போட வேண்டுமென்பது சபையாரின் விருப்பம். பண்டிகையில் பணம் சேர்வது ஏலத்தில். ஏலம் நன்றாக நடப்பது அதற்கு முன் நடக்கும் அசன விருந்தில். வயிறும் வாயும் திருப்தியாயிருந்தால் மனிதன் ஒரு ஓலைக்கொட்டான் சில்லுக்கருப்பட்டியை அதன் விலைக்கு மூன்று மடங்காகக் கேட்கிறான். சோறு சரியில்லாவிட்டால் கைகட்டி நிற்கிறான். அந்த அசனத்தின் ஆறு கிடாரக் கறிக்கும் உப்பிடுவது நமது வீட்டுப் பாத்தியம். என் தாயார் காலமான பின் அது உன் தாயார் கைக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. அது தனக்கு வர வேண்டியதென்று என் தங்கை, உன் அத்தை சாலோமி, அன்றுமுதல் சொல்லிவருவதும் நீ அறிந்ததே. மகள் கலியாணமாகி வேறு வீட்டுக்குப் போய்விட்டாள், உப்பு வீட்டோடு இருக்க வேண்டுமென்று நான்தான் அப்போது முறை சொன்னேன்.

உப்பிடுவதில் இருந்த கஷ்டத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குக் காரணம் நானே. ஒன்பது வருஷத்துக்கு முன் ருசி பார்க்கிறோம் என்று அகப்பையும் கையுமாய் நின்றவர்கள் ஜெபத்துக்கு முன்னமே ஒரு கிடாரத்தில் முக்காலைத் தீர்த்துவிட்டார்கள்; அவர்களில் முதன்மையானவர் சாலோமியின் புருஷன், உன் மாமா இஸ்ரவேல். அந்த வருஷம் நான் காரியதரிசி என்ற முறையில் பண்டிகை விதிகளில் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: ஆசீர்வாத ஜெபம் முடியுமுன் சமைக்கிறவர் உள்பட ஒருவரும் கறியை வாயில் வைக்கலாகாது. அன்றுமுதல் உன் தாயார் ருசி பாராமலே, கிடாரத்தில் கறி நிற்கும் மட்டத்தைக் கண்ணால் பார்த்து, அதற்குத் தக்கபடி கையால் அள்ளிப் போட்டுவந்தாள். நீ கூடவே நடந்து, உப்பிட்ட கிடாரத்தின் விளிம்பில் ஒரு குருத்தோலைத் துண்டைச் செருகிவிட்டு அடுத்த கிடாரத்தண்டை போய் நிற்பாய். அவள் உன்னை நோக்கி வருவாள். அந்த விதிக்கும் முந்தி, உன் ஐந்து வயதில் தொடங்கி நீ ரங்கூனுக்குக் கப்பலேறும் வரைக்கும் அப்படியே நடந்தது.

நீ போனபின் வந்த முதல் பண்டிகை, அதாவது சென்ற வருஷத்தது, எப்படி நடந்ததென்று உனக்கு நான் விவரமாய் எழுதவில்லை. கறி சில கிடாரங்களில் உப்புக் கரித்தது. ஏர்வாடிக் கருப்பட்டி வியாபாரி காஜா முகைதீன் அவர்கள் ஆண்டுதோறும் வருகிறவர். அவர் உண்ணும்படியாக ஆடுகளை அவர் ஆளைக்கொண்டே அறுப்பதும் ஏலத்தில் முதல் கலயத்துப் பதநீரை அவர் கேட்பதும் வழக்கம். அவர் இந்தச் சித்திரையில் என்னைக் கடைத்தெருவில் கண்டு, "வாத்தியாரே, போன வருசம் நான் ஏலத்துல கேட்டத விட தண்ணி கேட்டதுதான் கூட வே. இந்த வருசம் எனக்குன்னு ஒரு குடம் தனியா வச்சிருங்க" என்று சிரித்தார். அவர் விளையாட்டாகச் சொன்னது ஊருக்குள் விளையாட்டாயிருக்கவில்லை. ஏப்ரல் கமிட்டியில் இஸ்ரவேல் எழுந்து உப்பை வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டுமென்று பிரேரித்தான். தன் வீட்டுக் காரியம் பேசப்படும்போது உறுப்பினர் வெளியே இருக்க வேண்டுமென்ற விதிப்படி நான் எழுந்து போய் உடைமரத்தடியில் நின்றேன். அரை மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, இந்த ஒரு வருஷம் தேவமணியம்மாள் கையே இருக்கட்டும், இதிலும் குறை கண்டால் அடுத்த வருஷமுதல் சாலோமியிடம் போகும் என்று சபைப் போதகர் ஐயரவர்கள் வாசித்தார்கள். அதை நானே என் கையால் புத்தகத்தில் எழுதினேன். வீட்டுக்கு வந்து உன் தாயாரிடம் சொன்னபோது அவள் முறத்தில் அரிசியைத் தடவிக் கல் எடுத்துக்கொண்டிருந்தாள். "என் கை அங்கனயேதான் இருக்கு, எங்கயும் போவல" என்றாள். ஓலைத்துண்டு வைக்க ஒரு பெண்பிள்ளையைச் சேர்த்துக்கொள் என்றேன். "கூட ஆளு வச்சா கெழவியாயிட்டான்னு உங்க தங்கச்சி பாட்டுப் படிப்பா" என்று மறுத்துவிட்டாள். நானும் அதை நியாயமென்றே எடுத்துக்கொண்டேன்.

பண்டிகையன்று காலை பத்து மணிக்குக் கறி உப்புப் பதத்துக்கு வந்தது. கிடாரங்கள் கோவிலுக்கு வடபுறம் கிழக்கு மேற்காக ஒரே வரிசையில் இருந்தன. நான் பட்டியலும் பென்சிலுமாக எட்டடி தூரத்தில் நின்றேன். இவ்வருஷம் உன் தாயார் கிடாரத்துக்கு ஒன்பது கை போட்டாள். எண்ணுவது எனக்குப் பழக்கமாகையால் எண்ணினேன். முதலாவதில் ஒன்பது, இரண்டாவதில் ஒன்பது, மூன்றாவதில் ஒன்பது. அவள் வைத்த ஓலைத்துண்டுகளை ஒவ்வொன்றாகக் காற்று தூக்கிக்கொண்டு போயிற்று. அந்நேரம் பின்னாலிருந்து யாரோ விறகு போதுமா என்று கேட்க, அவள் திரும்பிப் பதில் சொல்லிவிட்டு மறுபடியும் கையை நீட்டினாள். அவள் கை தொட்டது மூன்றாம் கிடாரத்தின் விளிம்பையே. அதிலே திரும்பவும் ஒன்பது கை போட்டாள். போட்டுவிட்டு அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் போட்டு, ஆறு முடிந்ததென்று எண்ணி, ஆறாவதைத் தொடாமலே உப்பிருந்த மரவைப் பாத்திரத்தைக் கவிழ்த்துத் தட்டினாள். "முடிஞ்சு, மூடுங்க" என்றாள்.

மகளே, அவ்வேளையில் நான் என்ன செய்தேன் என்பதை உள்ளபடி எழுதுகிறேன். ஒன்றும் செய்யவில்லை. உப்பிடுகிறவர் தவிர வேறெவரும் கிடாரத்தில் எதையும் இடலாகாது என்பது நாலாம் விதி. ருசி பார்க்கலாகாது என்பது ஏழாம் விதி. இரண்டும் நான் எழுதினவை. சத்தம் போட்டால் நானூறு பேர் நடுவில் உன் தாயாருக்கு அவமானம். போடாவிட்டால் ஒரு கிடாரம் வாயில் வைக்க முடியாது, இன்னொன்று சப்பென்றிருக்கும், பண்டிகையும் கெட்டு அவள் கையும் போகும். இப்படி நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், எதிர்ப்புறம் அகப்பையோடு நின்ற சாலோமி என்னைப் பார்த்தாள். அவளும் எண்ணியிருக்கிறாள் என்று அந்தப் பார்வையிலே தெரிந்தது. பதினெட்டு வருஷம் காத்திருந்தவள். இனி ஊரைக் கூட்டுவாள் என்றே நான் நினைத்தேன். அவள் கூட்டத்தான் கூட்டினாள். "ஏலே, இது என்ன பங்கீடு? மூணாவதுல கறி குமிஞ்சு கெடக்கு, கடைசியில வெறுஞ் சாறுதான் நிக்கி. கடைசிப் பந்தியில இருக்கவன் மனுசனில்லையா? ரெண்டையும் பாதிப்பாதி மாத்தி ஊத்துங்கல, பைய, சிந்தாம!" என்று விறகுக்காரரை ஏவினாள். இஸ்ரவேல் ஓடிவந்து, கறியெல்லாம் ஒப்பாகத்தானே போட்டோம் என்று ஏதோ சொல்ல, "நீங்க போட்ட லெச்சணம் தெரியும், புடிங்க அந்தக் காத" என்று அவனையே கிடாரத்தின் ஒரு காதைப் பிடிக்க வைத்தாள். அரிசி களைந்த வெறும் கிடாரத்தை நடுவில் வைத்து இரண்டையும் பாதி மாற்றிக் கலந்தார்கள். இரட்டை உப்பும் இல்லாத உப்பும் கலந்தால் இரண்டு சரி அளவு என்பது நான் நாலாம் வகுப்புக்குக் கற்பிக்கிற கணக்கு. அந்த நேரம் அது எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் வகுப்போடு பாடசாலையை விட்ட உன் அத்தைக்குத் தோன்றிற்று. கலக்கி முடிக்கும்வரைக்கும் உன் தாயார் மரவையை மார்போடு அணைத்துக்கொண்டு ஆடாமல் நின்றாள். சாலோமி அவளைக் கடந்து போகையில் காதோடு, "மைனி, மூணுல ரெண்டு தடவ போட்டிய. சத்தங்காட்டாம நில்லுங்க, சரியாப் போச்சு" என்றாளாம். அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அசனம் குறையில்லாமல் நடந்தது. ஐயரவர்கள் ஜெபம் பண்ணினபின் முதல் பந்தியில் உட்கார்ந்த காஜா முகைதீன் அவர்கள் ஓலைப்பட்டையை இரண்டாந்தரம் நீட்டி வாங்கி, "இன்னைக்கு நாக்குக்கு லாபம், மடிக்குத்தான் நட்டம் வாத்தியாரே, குடத்தத் தூக்கிட்டுப் போங்க" என்றார். சொன்னபடியே ஏலத்தில் தாராளமாகக் கேட்டார்; அவரைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். ஆபிதா பீவி என்று அவருடைய தமக்கையார் இம்முறை வண்டியில் கூட வந்திருந்தார்கள். உன் தாயார் முடைந்து வைத்த பெட்டியை அவர்களே ஏலத்தில் எடுத்தார்கள். தொகை சபைக் கணக்குக்குரியதாகையால் இங்கே எழுதவில்லை, ஓட்டுக் கூரைக்குப் போதும். வண்ணார்பேட்டைக்கு ஆள் அனுப்பி ஓடு விசாரித்துவரச் சொல்லியாயிற்று. வீடு திரும்புகையில் எல்லாரும் எங்களைப் பார்த்து உப்பு அளவோடு இருந்ததென்று புகழ்ந்தார்கள். நான் தலையை அசைத்தேன். உன் தாயார் வழியெல்லாம் என் மேல்துணி ஓரத்தைப் பிடித்தே நடந்து வந்தாள். முன்னொருநாளும் அப்படி நடந்தவளல்ல.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடானபின் நான் அவளிடம் கேட்டேன். முதலில் காற்று என்றாள், புகை என்றாள். பின்பு சொன்னாள்: வலது கண் முழுவதும் போய் இரண்டு வருஷமாகிறது, இடது கண்ணில் எல்லாம் கொதிக்கிற பானையின் ஆவிக்குள் பார்க்கிறதுபோலத் தெரிகிறது, வெளிச்சமும் நிழலும் பெரிய பொருள்களும் மட்டும் பிடிபடும். கண்ணில் பூ, அதாவது புரை, விழுந்திருக்கிறது. நாற்பது பிள்ளைகளின் வருகைப் பதிவில் ஒருநாள் தவறு விடாத நான் என் வீட்டில் இதைக் காணவில்லை. குடும்ப ஜெபத்தில் ஒரு வருஷமாக வேதபாகத்தை என்னையே வாசிக்கச் சொன்னாள்; அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். செம்பில் தண்ணீர் ஊற்றும்போது விரலை உள்ளே விட்டு மட்டம் பார்ப்பாள். சுத்தக்குறைவென்று நான் கடிந்துகொண்டிருக்கிறேன். உன் கடிதங்களை இரண்டுதரம் வாசிக்கக் கேட்பாள். மகள் மேலுள்ள ஆசை என்று நினைத்தேன். ஆசையும் வாஸ்தவந்தான். ஏன் மறைத்தாய் என்று கேட்டதற்கு, "சொன்னா ஒடனே நீங்க அவளுக்கு எழுதுவிய. எழுதுனா அவ பாதியில போட்டுட்டு ஓடி வருவா. முன்ன அவ ஓலை வச்சிட்டு நிப்பா, அந்த வெள்ளைப் பாவாடையப் பாத்து அடுத்த கிடாரத்துக்குப் போயிருவேன். கண்ணு போனது அதுலயே தெரியாமப் போச்சு" என்று சொல்லி அழுதாள். இதை உன்மேல் சுமையாக வைக்கும்படி எழுதவில்லை. நீ அறியாமலே அவளுக்குக் கண்ணாயிருந்தாய் என்பதை நீ அறிய வேண்டுமென்று எழுதுகிறேன். நீ போனதில் பிழையில்லை. நான் பாராததே பிழை.

மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குப் பின் கமிட்டி. குறைவின்றி நடந்தேறியது என்று புத்தகத்தில் எழுதி நான் கையொப்பமிட வேண்டும். அந்தச் சொல்லை எழுத என்னால் முடியாதென்று உன் தாயார் எனக்கு முன்னமே அறிந்திருந்தாள். "நீங்க சொல்லாம இருக்க மாட்டிய. சொல்லுததுன்னா என் வாயால சொல்லிக்கிடுதேன், கூட்டிட்டுப் போங்க" என்று சேலை மாற்றிக்கொண்டு புறப்பட்டாள். பாடசாலை அறைக்குள் ஸ்திரீகள் வருவது வழக்கமில்லை, வாசற்படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் சாலோமியும் வந்து நின்றதை நான் பிறகே கண்டேன். ஐயரவர்கள் இந்த வருஷம் உப்பில் யாதொரு குறையுமில்லை, ஆகையால் கை மாற வேண்டியதில்லை என்று தொடங்கும்போதே உன் தாயார், "ஐயா, மூணாவதுல ரெண்டு தடவ போட்டேன், கடைசியில போடவே இல்ல. எனக்குக் கண்ணு தெரியல. நாத்தனா கலக்கி விட்டதுனால தப்பிச்சோம். அதனால இனி அந்தக் கை அவளுக்குத்தான்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். வெளியே காற்றில் கூரை ஓலை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போது இஸ்ரவேல் மெதுவாக, "அப்பம் அன்னைக்கு ரெண்டையும் கலக்கச் சொன்னது கறிப் பங்கீட்டுக்கு இல்லையா?" என்றான். வாசலிலிருந்து சாலோமி, "இப்பந்தான் வெளங்குதாக்கும். இந்த மூளைய வச்சிக்கிட்டு கமிட்டியில பிரேரணை வேற" என்றாள். ஐயரவர்கள் தாடியைத் தடவிச் சிரிப்பை அடக்கினார்கள்.

பின்பு அவர்கள் சாலோமியைப் பார்த்து, தேவமணியம்மாளே ஒப்புக்கொடுக்கிறார்கள், நீ ஏற்றுக்கொள்ளுகிறாயா என்று கேட்டார்கள். உன் அத்தை சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன். "பதினெட்டு வருசமாக் கேட்டேன், அப்பம் தரல. இப்பம் கண்ணு தெரியாதவ கையில இருந்து வாங்கவா? ஊரு என்ன சொல்லும், நான்தான் எனக்கு என்ன சொல்லிக்கிடுவேன்? அவளுக்குப் போனது கண்ணுதான், நாக்கு இல்ல. எங்க அண்ணன் எழுதி வச்சிருக்க அந்த ஏழாம் சட்டத்த அடிச்சிப் போடுங்க. மைனி ருசி பாத்துப் போடட்டும். நான் பக்கத்துல நின்னு இது எத்தனாவது கிடாரம்னு சொல்லுதேன். எண்ணத் தெரியாதவங்க இந்தக் கமிட்டியில நெறைய இருக்காங்க, எனக்கு எண்ணத் தெரியும்" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக் காரியமாகையால் நான் எழுந்து வெளியே போக வேண்டியவன், எழுந்தும் விட்டேன். ஆனால் விதியைத் திருத்துவது காரியதரிசியின் கடமை, வீட்டுக் காரியமல்ல என்று நின்றபடியே எனக்குத் தோன்றிற்று. பேனாவை எடுத்து, ஒன்பது வருஷத்துக்கு முன் நான் எழுதின ஏழாம் விதியின்மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் தேதியும் என் எழுத்தும் வைத்து, உப்பிடுகிறவர் ருசி பார்க்கலாம் என்று மேலே எழுதினேன். இஸ்ரவேல் ஆவலோடு, "அண்ணாச்சி, உப்பிடுகிறவர் கூட நிக்கிறவருக்கும் சேத்து எழுதலாமே, கிடாரத்தோட காதப் புடிச்சவருக்கும்" என்றான். முடியாது என்றேன். உன் தாயார் வாசலில் நின்று, "பாக்காமப் போட்டுப் பழகின கை. இனி ருசி பாத்தா எனக்கே குழம்பும்" என்று முணுமுணுத்தாள். ஆனால் வருகையில் என் துணியைப் பிடிக்கவில்லை. உன் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு இருவரும் எனக்கு முன்னால், மூன்றாவதில் எவ்வளவு கரித்திருக்கும் என்று பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். கலியாணமாகி வந்தநாள் முதல் அவர்களை நான் அப்படிக் கண்டதில்லை.

இனி ஆகவேண்டிய காரியம். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் கண்ணில் பூ எடுக்கிறார்கள். நம்மூர் சந்தனமாரியின் தகப்பனார் போன வருஷம் அங்கே போய் வந்து இப்போது தானாகவே வயலுக்கு நடக்கிறார். அவரைப் போய்க் கண்டு எல்லாவற்றையும் விசாரித்தேன். முற்றின கண்ணைத்தான் முதலில் எடுப்பார்களாம்; அது வலது கண். ஜூலை மாதம் பாடசாலைப் பரீட்சை முடிந்தவுடன் வண்டி பேசியிருக்கிறேன்; சாலோமியும் கூட வருகிறாள். உன் தாயாருக்குக் கத்தி என்றால் பயம். கண்ணுக்குள்ளே கத்தி வைத்தபின் மனிதன் பிழைப்பானோ என்று தினமும் கேட்கிறாள். பிழைத்து வந்து நிற்கிற ஆளை நேரில் கூட்டிவந்து காட்டினேன்; அவரைத் தடவிப் பார்த்துவிட்டு, சரி என்றாள். மறுநாள் மறுபடியும் கேட்கிறாள். அவளுக்காக விசேஷமாய் ஜெபம் பண்ணு.

நீ வரக்கூடாதென்பது உன் தாயாரின் கட்டளை. அதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "பிள்ளை எழுதிக் குடுத்த ஒப்பந்தம் மார்ச்சு வரைக்கும் இருக்கு, அது முடிஞ்சு வந்தாப் போதும்." இனி நான் எழுதுவது என் சொந்தம். உடன்படிக்கையை நிறைவேற்றுவதைப் பற்றி உனக்கு நான் எத்தனைமுறை கூறியிருக்கிறேன் என்று நீ அறிவாய். அதில் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் அதே உடன்படிக்கையின் எட்டாம் பிரிவில், பெற்றோரின் கடுமையான சுகவீனத்தின்பேரில் இரண்டு மாதம் விடுப்பு கேட்கலாமென்று இருக்கிறது. நீ கையொப்பமிடுமுன் நாமிருவரும் சேர்ந்தே அதை வாசித்தோம். வா என்று நான் எழுதவில்லை. வராதே என்றும் எழுதவில்லை. எட்டாம் பிரிவு இருக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

இவ்வளவும் எழுதி முடித்து, வழக்கப்படி உறையிலிடுமுன் உன் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். தான் அழுததை எழுதினதற்கு ஒன்றும் சொல்லவில்லை. எட்டாம் பிரிவு வந்தவுடன், "இதையும் எழுதுனீயளா? அத அடிங்க" என்றாள். பேனா என் கையில் இருந்தது. காகிதத்தின்மேல் கரகரவென்று சத்தம் வர ஒரு கோடு வெறுமையாய் இழுத்தால் அவளுக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. அப்படிச் செய்ய நான் துணியவில்லை. அடிக்க மாட்டேன், அடிக்கவும் இல்லை என்று சொன்னேன். தாளை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "சரி, கெடக்கட்டும். ஆனா பதிலப் பெரிய எழுத்தா எழுதச் சொல்லுங்க. வாராளா, வரலையான்னு நீங்க வாசிச்சி நான் கேக்க மாட்டேன். நானே படிச்சிக்கிடுதேன்" என்றாள்.

ஆகையால் நினைப்பூட்டுகிறேன். தபால் பாரம் கூடுமென்று சிறிய எழுத்தில் நெருக்கி எழுதும்படி உனக்கு நான் கற்பித்ததை இம்முறை விட்டுவிடு. ஒரு தாளில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் வேண்டாம். நல்ல கறுப்பு மையில், ஒவ்வொரு எழுத்தும் நெல்லிக்காய் அளவு இருக்கும்படி எழுது. எத்தனை தாளானாலும் ஆகட்டும். அதைக் காலை வெயில் விழுகிற வாசலில் வைத்து அவளிடம் கொடுப்பேன், நான் பார்க்க மாட்டேன்.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக; உன் போக்கையும் வரத்தையும் அவர் பாதுகாப்பாராக. உன் தாயாரும் அத்தையும் மாமாவும் உனக்கு வாழ்த்துதல் சொல்லுகிறார்கள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள தகப்பன்,
பாக்கியசீலன்.